சிவப்புக்காரிக்கு, கடைசி மதகைப் பற்றி

என் கை தளர்ந்துவிட்டது என்று என் மகன் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அது தவறு. ஊசியில் நூலை நானே கோக்கிறேன். காலையில் தேங்காய் உடைத்துத் துருவுகிறேன். கோளாறு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் நான்தான். இதை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேற்று மத்தியானம் கூடத்து டிவியிலிருந்து அந்தப் பழைய பாட்டு சரியான சுருதியில் வந்தபோது, நான் திரும்பிப் பார்த்தது நீ உட்காரும் பக்கத்தைத்தான்.

இதை வேறு யாரும் படிக்க நேர்ந்தால் குழம்பக் கூடாது. நீ என் கணவரின் தம்பி மனைவி, என் ஓரகத்தி. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அந்த வீடியோ கேம் பெட்டியை உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அதில் நீல உடுப்பு போட்ட ஒரு குட்டிப் பெண், சிவப்பு உடுப்பு போட்ட ஒரு குட்டிப் பெண். குறுக்கே ஓர் ஆறு, அதில் வரிசையாகக் கதவுகள். சிவப்பு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கதவு திறந்திருக்கும். அதற்குள் நீலம் மிதக்கும் பலகைகள் மேல் குதித்துத் தாண்டிவிட வேண்டும். நீதான் அந்தக் கதவுகளுக்கு மதகு என்று பெயர் வைத்தாய். பெட்டி வந்த அதே வருஷம் அண்ணனும் தம்பியும் நிஜ மதகுக்காக, யார் வயலுக்கு முதல் முறைத் தண்ணீர் என்று, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே வீட்டில் நாங்கள் வாசல் பக்கம், நீங்கள் கொல்லைப் பக்கம். பெண்களும் பேசக் கூடாது என்று உத்தரவு.

டிவி எங்கள் பக்கம் இருந்தது. பெட்டி உங்கள் பக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு மத்தியானம், கூடையில் பெட்டியை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்து நின்றாய். நீ தூணைப் பார்த்துச் சொன்னாய்: "பேசக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. விளையாடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அன்றிலிருந்து நாம் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சிவப்பை ஆட்டினாய், நான் நீலத்தை. எல்லாவற்றையும் டிவியில் இருந்த அந்த இரண்டு பெண்களிடம் சொன்னோம்.

"இந்த நீலக்காரி கான்வென்ட்ல படிச்சவளாம். குதிக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்க்யூஸ் மீ சொல்லுவா போலிருக்கு."

"சிவப்புக்காரி வாயை மூடிக்கிட்டுப் பொத்தானைப் பிடிச்சா போதும்."

"வாசப் பக்கம் ரசம் கமகமன்னு மணக்குது. ஒரு கிண்ணம் கொல்லைப் பக்கம் வந்துச்சுன்னா சிவப்பு நல்லாப் பிடிப்பா."

கிண்ணம் வரும். அதில் பெருங்காயம் தூக்கல் என்று மறுநாள் சிவப்பிடம் புகார் செய்வாய்.

கீழ்வேளூரில் உன் அப்பா காரியம் முடிந்து திரும்பிய மறுநாளும் பெட்டியோடு வந்தாய். ஆட்டத்தைப் போட்டாய், பொத்தானைத் தொடவில்லை. "அப்பா போயிட்டாரு சிவப்பு. இனிமே அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?" என்றாய். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொல்லவும் கூடாது. நான் நீலத்தை நகர்த்திக்கொண்டுபோய்ச் சிவப்பின் பக்கத்தில் நிறுத்தினேன். பிள்ளைகள் வரும் வரை இரண்டும் அப்படியே கரையில் நின்றுகொண்டிருந்தன.

ஆட்டம் மட்டும் முடிந்ததே இல்லை. கடைசி மதகு வரை வருவோம். நான் பாதி ஆற்றில் இருக்கும்போது கதவு விழுந்துவிடும். "சிவப்புக்கு விரல் வழுக்கிடுச்சு" என்பாய். எனக்கு வரும் கோபம் உனக்குத் தெரியும். சிவப்புக்குக் கவனம் போதாது என்று நீலத்திடம் சிடுசிடுப்பேன். நீ கேசட்டைக் கழற்றி, ஊதி, கூடையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு முதல்லேருந்து" என்று தூணிடம் சொல்லிவிட்டுப் போவாய். பிறகு உன் மூத்தவள் கல்யாணத்துக்காக அண்ணனும் தம்பியும் பேசிவிட்டார்கள். நீ வாசல் வழியாகவே வர ஆரம்பித்தாய். வாய்விட்டுப் பேச அவ்வளவு இருந்தது. பெட்டி பரணுக்குப் போனது. புயல் வருஷத்து மழையில் ஓடு பெயர்ந்து, நனைந்து வீணானது.

நீ போன பிறகு எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எமுலேட்டர் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டரை அந்தப் பழைய பெட்டி போல நடிக்க வைக்கும் புரோகிராம் அது. முதலில் விக்கி விக்கி ஓடியது. படம் பழைய டிவி போலத் தெரிவதற்காக அவன் போட்டிருந்த அலங்காரத்தை எடுத்தான், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை மாற்றினான், பின்னால் ஓடிக்கொண்டிருந்தவற்றை எல்லாம் மூடினான். விக்கல் நின்றது. ஆனால் நான் முதல் மதகிலேயே விழுந்தேன். திரும்பத் திரும்ப விழுந்தேன்.

"இப்பத் தண்ணி மாதிரி ஓடுதும்மா. கேம்ல ஒண்ணுமில்ல, உங்க கைதான் முன்ன மாதிரி இல்ல. இதுக்குத்தான் சொல்றேன், வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்கு வந்துடுங்க" என்றான்.

ஆட்டத்தில் விழுந்ததற்கு வீட்டைப் பூட்டுவதா? அவன் ஊருக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து ஆட்டத்தின் பாட்டை மட்டும் கேட்டேன். நீ அந்தப் பாட்டுக்குச் சொந்தமாக வார்த்தை போட்டுப் பாடுவாயே, "நில்லடி நில்லு, பலகை வருது, இப்பக் குதி" என்று. உன் "குதி"யில் நான் குதிப்பேன். இந்தக் கம்ப்யூட்டரில் "வருது" என்பதற்குள்ளாகவே பலகை போய்விட்டது. சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் ஏறியிருந்தது. உன் குரலை மனத்துக்குள் அதோடு சேர்த்துப் பார்த்தேன், சேரவில்லை. கான்வென்டில் பியானோ சொல்லித்தந்த சிஸ்டர், "உனக்குக் காது இருக்கிறது, விரல்தான் இல்லை" என்பார். விரலைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டதில்லை. காதை நம்பினேன்.

இன்டர்நெட்டில் பிள்ளைகள் எழுதியிருப்பதைப் படித்தேன். அவர்கள் ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியே கிடையாது, ஆனாலும் விஷயம் இருந்தது. அமெரிக்கா டிவி நொடிக்கு அறுபது முறை படம் வரையுமாம். நம் டிவியும் சிங்கப்பூர் டிவியும் ஐம்பது முறை. அதனால் நம் பெட்டியில் ஆட்டமும் பாட்டும் நிதானமாக ஓடியிருக்கின்றன. மகன் போட்டுக் கொடுத்தது அமெரிக்க வேகம். அதை மாற்றுவதற்கு, நாம் ஐரோப்பாவில் இருப்பதாக எமுலேட்டருக்குச் சொல்ல வேண்டும். இந்தியா என்று ஓர் இடமே அந்தப் பட்டியலில் இல்லை. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

சொன்னேன். சுருதி இறங்கி உன் சுருதிக்கு வந்தது. ஆனால் படம் மறுபடி குலுங்கியது. கம்ப்யூட்டரின் திரை இன்னும் அறுபதிலேயே நின்றுகொண்டிருந்தது; ஐம்பது படத்தை அறுபதில் பரப்பினால் இடறாமல் என்ன செய்யும்? மயிலாடுதுறையிலிருந்து நீளமான கேபிள் ஒன்றை வரவழைத்து, கூடத்து டிவியில் செருகி, திரை அமைப்பில் ஐம்பது என்று மாற்றினேன். டிவி படம் வரையும் வரை ஆட்டம் காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பையும் போட்டேன். ஆறு ஒரே சீராக ஓடியது.

நேற்று மகன் வந்திருந்தான். சிவப்பின் ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். நான் ஓர் இடத்திலும் விழவில்லை.

"என்னம்மா இது, பறக்கறீங்க?" என்றான்.

"கையைப் பத்திப் பேசினியே, அந்தக் கைதான்."

சென்னைப் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. எடுக்க நான் விட்டால்தானே?

கடைசி மதகு வந்தது. அவன் ஒரு கையால் முறுக்கைக் கடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலை மட்டும் பொத்தானில் வைத்திருந்தான். மூன்றே பலகை. நான் அக்கரை சேர்ந்த பிறகும் கதவு திறந்தே இருந்தது. முறுக்கை மென்றபடியே அவன் கேட்டான்: "இதுலயா சித்திக்கு தினம் வழுக்கிச்சு?"

அக்கரையில் ஒன்றுமில்லை, தெரியுமா? இரண்டு பெண்களும் ஒரு வீட்டுக்குள் போகிறார்கள், பாட்டு நிற்கிறது, முடிந்தது என்று எழுத்து வருகிறது. மறுநாள் வந்து ஆடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணமும் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் ஒன்று சொல்வேன். துக்க வீட்டுக்குப் போனால் நான் இப்போதெல்லாம் ஆறுதல் வார்த்தை தேடுவதில்லை. போய்ப் பக்கத்தில் நின்றுவிடுகிறேன். உன் காரியத்தன்றும் உன் மகள் பக்கத்தில் அப்படித்தான் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அத்தனை மத்தியானமும் உன் விரல் வழுக்கியதா, நீயே எடுத்தாயா? நான் உன்மேல் சிடுசிடுத்தபோதெல்லாம் நீ ஏன் தூணைப் பார்த்துச் சிரித்தாய்? வாயால் சொன்னால் மழுப்பிவிடுவாய். எனவே எழுத்தில் கேட்கிறேன். தயவுசெய்து எழுத்திலேயே பதில் கொடு.