கடைக்காரர் சரிசெய்துவிட்ட விசைப்பலகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை மனம் வரவில்லை. நடுக்கடலில் போன் கிடைக்காது, மின்னஞ்சல்தான் போகும் என்று உன் கப்பல் அலுவலகத்துப் பெண் சொன்னாள். படித்ததும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பதில் எழுது, கொஞ்ச நேரம் நீ பார்க்காவிட்டால் எஞ்சின் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சுப் போனபிறகு, நீ விடுப்பில் வந்து மடிக்கணினியில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து என்னென்னவோ கட்டளை அடித்து, அவருடைய நடுங்கும் கைக்கு ஏற்றபடி விசைப்பலகையை மாற்றிக் கொடுத்தாயே, விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும், உடனே மறுபடி பட்டால் விழாது என்று, அது போய்விட்டது. உள்ளே விசிறி சத்தம் போடுகிறதே என்று கடையில் கொடுத்தேன். கடைக்காரர் தூசி தட்டிக் கொண்டுவந்து, கீபோர்டு ரொம்ப மந்தமா இருந்துச்சும்மா, அதையும் சரி பண்ணிட்டேன் என்றார். நானும் அசடு மாதிரி நன்றி சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து அப்பா ஓர் எழுத்தைத் தொட்டால் ஒரு கூட்டமே வந்து விழுகிறது. அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்தியே தலை நரைத்த மனிதர், திரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதோடு போயிருந்தால் நானே சமாளித்திருப்பேன். டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு அப்பா அடித்துக் காட்டினார், திரை முழுக்கக் குப்பை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புத்தி கலங்க ஆரம்பிச்சிருக்கு என்றார். விசைப்பலகைதான் காரணம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வீட்டுக்காரங்களுக்கு ஏத்துக்கக் கஷ்டமாத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்லி ஒரு மாத்திரை எழுதினார், அதைப் போட்டால் அப்பா நாள் முழுக்கத் தலை தொங்கிக் கிடக்கிறார். வியாழக்கிழமை மறுபடி பார்ப்பார், அன்றும் இப்படியே இருந்தால் மாத்திரையைக் கூட்டுவாராம். உன் மாமா வேறு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்து, அத்தானுக்கு இனி எங்க இருந்தாலும் ஒண்ணுதான்க்கா, நீயாவது நிம்மதியா இரு என்கிறான், அவர் எதிரிலேயே. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி விரட்டினேன்.

கடைக்காரரிடம் ஓடினேன். அவர் பாவம், செட்டிங்ஸ் பக்கத்தில் தேடி ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார், அந்த அளவு அப்பா கைக்குப் போதவில்லை. விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கும்படி நீ வைத்தாய் என்பது உனக்குத்தான் தெரியும். ஞாபகத்தில் இருந்ததை வைத்து நானே கறுப்புத் திரையில் அடித்துப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை பாப்பா, பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நேற்று மாமா போனபிறகு அப்பா ஒரு வரி அடித்தார். பிறகு விரலைத் திரையில் வைத்துத் தேய்த்தார். டாக்டர் அறையிலும் இதைத்தான் செய்தார், கண்ணாடியப் பிராண்டுறார் பாருங்க என்றார் டாக்டர். நேற்றுதான் அந்த விரல் போகிற இடத்தைக் கவனித்தேன். ஓர் எழுத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வருகிற உபரியைத் தேய்க்கிறார், அடுத்த எழுத்திலும் அப்படியே. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தேய்த்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் மிஞ்சியது, என்னை அனுப்பிவிடாதே.

அழுது தீர்க்க நேரமில்லை. டாக்டர் என் பேச்சை நம்ப மாட்டார், அப்பாவே அவர் எதிரில் சுத்தமாக ஒரு வரி அடித்தாக வேண்டும். கட்டளைகளை ஒன்றுவிடாமல் அனுப்பு, எங்கே இடம் விடுவது, எங்கே சின்னக் கோடு என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல். கணினியைத் திறந்ததும் அவை தாமாகவே ஓடும்படி செய்ய வழி இருந்தால் அதையும் எழுது, இன்னொரு நல்லவர் கையில் நாங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு மேல்தளத்தில் நிற்காதே. எங்கள் இருவர் ஆசியும் எந்தக் கடலிலும் உன்னோடு இருக்கும். வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

இதில் பிழை திருத்தியவர்: உன் அப்பா