பெத்செய்தா சபையின் நாற்காலிகள்

பாட்டர் சந்து, கிங்ஸ்டன்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கார்னெட்டுக்கு அம்மா எழுதுவது. கடவுள் தயவில் நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் தொப்பியும் மூக்கும் மட்டுமே இருந்தன. மூக்கு நலம் என்று எடுத்துக்கொண்டோம். அந்த ஊர்க் குளிரில் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அப்பாவின் முதுகு பரவாயில்லை. மாமரம் இந்த வருடமும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமே காய்த்திருக்கிறது.

சபையை மூடப்போகிறார்கள் என்று உன் காதுக்கு எட்டியிருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சுற்றியுள்ள மக்களுக்கு ஒன்றும் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைத் திறக்கும் நகரத்துச் சபைகளையெல்லாம் வேறு சபைகளோடு சேர்த்துவிடுவது என்று தலைமை முடிவு செய்தது. நம் பெத்செய்தாவைச் சேர்க்க நினைத்த இடம் மேட்டுச் சபை. அங்கே பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் உன் சித்தி இசில்டா. எங்கள் அம்மாவின் தையல் மிஷினை அவள் எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும். பரலோகத்தில் அவளைச் சந்திக்க நான் தயார். அங்கே இடம் தாராளம் என்கிறார்கள். வாராவாரம் அவள் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார மட்டும் என்னால் முடியாது. அதனால் சுற்றுப்புறத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆர்வம் எனக்குத் திடீரென்று வந்தது. கமிட்டியில் சேர்ந்தேன்.

நம் புதுப் பாஸ்டர் லிண்டல் நல்ல பையன். நிறையப் படித்தவர், இன்னும் குணமாகவில்லை. அவருடைய ஊழியத் திட்டங்களைச் சுவர் நிறைய எழுதி ஒட்டினார். முதலில் இலவச இரத்த அழுத்தப் பரிசோதனை. தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை, நாங்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம். அதில் சகோதரி ஹயசிந்த் முதலிடம். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். அடுத்து, ஏழைகளுக்காகப் பின்கட்டில் கீரைத் தோட்டம் போட்டோம். தையற்காரரின் ஆடு வேலியைத் தாண்டி வந்து மொத்தத்தையும் மேய்ந்தது. ஊழியத்தால் பயனடைந்த முதல் அயலார் என்று பாஸ்டர் அதை அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். பெயர் போடவில்லை, அதனால் பொய்யும் இல்லை. பிறகு சனிக்கிழமை இலவச சூப். சனிக்கிழமை சூப்புக்கு இந்தச் சந்து முழுக்க, தெருவோரம் சூப் விற்கும் மிஸ் வின்னியின் அண்டாவைத்தான் நம்பியிருக்கிறது என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. பரங்கிக்காயும் கோழிக்காலும் போட்டு நாங்கள் ஒரு பெரிய பானை நிறையக் காய்ச்சிவிட்டுக் காத்திருந்தோம். வந்தது மிஸ் வின்னி ஒருத்திதான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பாஸ்டர் தம்பி, உங்க வாசல்ல வந்து நான் பிரசங்கமா பண்றேன்? அப்புறம் நீங்க எதுக்கு என் சூப்பைப் பண்றீங்க?" என்று கேட்டாள். எங்கள் சூப்பை நாங்களே குடித்தோம். பிறகு வெட்கம் தாங்காமல் அவளிடமும் போய் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கிக் குடித்தோம். அவளுடையது நன்றாக இருந்தது.

இப்படி இருக்கும்போது, தலைமையின் கண்காணிப்பாளர் வென்ட்வர்த் ஐயா அடுத்த ஞாயிறு நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று செய்தி வந்தது. அதே வாரம் மாஸ் ரான்ஸ்ஃபோர்டு இறந்தார். சபைச் சுவரையொட்டி க்ளோவிஸின் ரம் கடை வாசலில் டோமினோ ஆடுவாரே, அவர்தான். பிரசங்கத்தில் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் பலகையில் காயை ஓங்கி அடித்து எங்களை எழுப்பிவிடும் புண்ணியத்தைச் செய்தவர். சபைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. இறந்தவருக்காக ஊரே கூடி விடிய விடியப் பாடி விழித்திருக்கும் ஒன்பதாம் இரவு அவருக்குச் சரியாக அந்தச் சனிக்கிழமை வந்தது. ஒன்பதாம் இரவென்றால் இந்தச் சந்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சபை நாற்காலிகள். நம் பெஞ்சுகளைக் கரையான் தின்ற பிறகு வாங்கினோமே, அந்த மடக்கு நாற்காலிகள். நாற்காலிகளுக்குப் பொறுப்பான டீக்கன் என்பதால் பாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, யார் செத்தாலும் இந்த வாரம் ஒரு நாற்காலிகூட வெளியே போகக்கூடாது என்றார். அப்பா சரி என்றார். உன் அப்பாவின் சரி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? அன்று மாலையே க்ளோவிஸ் வந்து, "டீக்கனய்யா, அந்த மனுஷன் ஆயுசு பூரா பெயிண்ட் டப்பா மேல உக்காந்து ஆடுனவரு. அவருக்காக வர்றவங்களையாவது நாற்காலியில உக்கார வைக்க வேணாமா?" என்று கேட்டான். விடிந்ததும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அப்பா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கொடுத்திருப்பேன், ஆனால் முதலில் கத்தியிருப்பேன்.

ஞாயிறு காலை உள்ளே நுழைந்தால் வெறும் தரை. கண்காணிப்பாளர் எங்களுக்கு முன்பே வந்து அந்தத் தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பாஸ்டருக்கு முகத்தில் இரத்தமே இல்லை. பரிசோதித்திருந்தால் ஹயசிந்தின் இடம் பத்திரமாக இருந்திருக்கும். ஆதிச் சபை போல இன்று நின்றுகொண்டே ஆராதிப்போம் என்று அவர் ஆரம்பிக்க, "என் முழங்காலு ஆதிச் சபை இல்ல பாஸ்டர்" என்றார் ஹயசிந்த். அப்பா ரம் கடைக்கு ஓடினார். அந்த வெறும் கூடத்தைப் பார்த்தபோது, கார்னெட், எனக்கு இசில்டாவின் தொப்பி நினைவுக்கு வரவில்லை. நீ ஞானஸ்நானத்தன்று போதகரின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்த இடம் எதுவென்று தேடிக்கொண்டிருந்தேன். இதையும் பூட்டிவிடுவார்களே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் தெருவில் சத்தம் கேட்டது. இரவெல்லாம் பாடி, பொரித்த மீன் தின்று, டோமினோ ஆடி, பாதிப் பேர் இன்னும் தெளியாமல், சந்து மொத்தமும் தலையில் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்தது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் உன் அப்பா கைப்பட எழுதியது பளிச்சென்று தெரிந்தது: பெத்செய்தா சபை, வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுவந்தவர்கள் விரித்துப் போட்டார்கள், போட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆராதனைக்கும் இருக்கப் போகிறீர்களா என்று அப்பா மெதுவாகக் கேட்டதற்கு, "தலையில தூக்கிட்டு வந்தவன் உக்காராமயா போவான், டீக்கனய்யா?" என்றான் க்ளோவிஸ். பிரசங்கத்தில் பலரும் தூங்கினார்கள். அந்த வகையில் நம் அங்கத்தினர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

முடிந்ததும் கண்காணிப்பாளர் மிஸ் வின்னியிடம், இந்தச் சபை உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். கமிட்டி மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. அவள் யோசித்துவிட்டு, "சூப் வைக்கத் தெரியாது. உக்கார வைக்கத் தெரியும். எங்க அம்மா போனப்பவும் வீட்டுக்காரர் போனப்பவும் ஊரையே இதுலதான் உக்கார வெச்சேன். வேற எங்க போய் நாற்காலி கேட்டாலும், எப்ப திருப்பித் தருவேன்னு கேப்பான். இந்த டீக்கன் யாரு செத்ததுன்னுதான் கேப்பாரு" என்றாள். பிறகு, "ஆனா பாதி நாற்காலி தொடையைக் கிள்ளுது, அதைக் கவனிங்க" என்றும் சொன்னாள். வென்ட்வர்த் ஐயா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதுவும் கிள்ளியிருக்க வேண்டும். நேற்று தலைமையிலிருந்து பதில் வந்தது. பெத்செய்தா பெத்செய்தாவாகவே இருக்கும். நாற்காலி ஊழியம் மற்ற சபைகளுக்கும் முன்மாதிரியாம். இது முதலிலிருந்தே தன் திட்டத்தில் இருந்தது என்கிறார் பாஸ்டர். சுவரில் தேடிப் பார்த்தேன். விருந்தோம்பல் என்று ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. தங்கள் நாற்காலிகளில் மெத்தை உண்டு என்று இசில்டா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். எங்களுடையவை நடக்கும் என்று சொல்லியனுப்பினேன். இத்தனை வருடத்தில் இதுதான் எங்கள் முதல் பேச்சுவார்த்தை. இன்னும் இரண்டு முறை இப்படிப் போனால் தையல் மிஷினைப் பற்றிக்கூடக் கேட்கலாம்.

ஒரே ஒரு நாற்காலி மட்டும் திரும்பி வரவில்லை. அது க்ளோவிஸின் கடை வாசலில், மாஸ் ரான்ஸ்ஃபோர்டின் பெயிண்ட் டப்பா இருந்த இடத்தில் இருக்கிறது. அப்பா தினமும் மாலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நாற்காலி உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் உட்கார வேண்டியிருக்கிறதாம். டோமினோவுக்கு நாலு பேர் வேண்டும், அங்கே மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலகையில் காய் விழும் சத்தம் வீடுவரை கேட்கிறது. அவர் கை இன்னும் பழகவில்லை.

டிசம்பரில் வரும்போது எனக்கு ஸ்வெட்டர் எதுவும் வாங்காதே, நான் இருப்பது கிங்ஸ்டனில். நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் மூடி ஒரு பை நிறைய வாங்கி வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதையும் கழுத்தையும் நீ மூடிக் காத்துக்கொள். கடிதத்தின் அடியில் அப்பாவும் இரண்டு வரி எழுதுவதாகச் சொல்லியிருந்தார், அதற்காக இடம் விட்டிருந்தேன். நாற்காலியைப் பார்க்கப் போய்விட்டார்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா மெர்லீன்