பெட்டிக்குள் கடல்

9-7-96, செவ்வாய்
காலையிலிருந்து காற்று, லேசாகச் சாரல். பட்டறை இருக்கும் பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரெண்டு தடவை கரண்ட் கட்.

கடலுக்கடியில் அளவெடுக்க நாங்கள் செய்த பதிவுக் கருவியைக் 'கடல்ல போட்டு'ப் பார்த்து முடித்தாயிற்று. 'கடல்' என்பது நான் செய்த பெட்டி. ஆழம், சூடு, உப்பு எல்லாம் பொய்யாகவே அனுப்பும். அதில் மாட்டினால் கருவி தண்ணீருக்குள் கிடப்பதாக நம்பிவிடும். பேர் வைத்ததும் நான்தான்.

இனி நிஜக் கடலில் போட்டுப் பார்க்கணும். அப்புறம் ஆராய்ச்சிக் கப்பலில் ஒப்படைக்கணும். சேவியர் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறான். பாலிடெக்னிக் சிநேகிதன், பட்டறையில் சரிபாதிக் கூட்டாளி.
"நீ படகுல ஏறுனா வாந்திதான்லே எடுப்ப. எங்க ஊரு கடலு, நான் பாத்துக்கிடுதேன்."
என்ன மனசு!

வாங்க: ஈயக்கம்பி, அம்மாவுக்குத் தைலம், பல்பு.

11-7, வியாழன்
நல்ல வெயில். சேவியர் வந்துவிட்டான். கடல்ல போட்டாச்சாம், ஒரு குறையும் இல்லையாம். கப்பலில் ஒப்படைத்தும் விட்டானாம். சந்தோஷத்தில் ஜங்ஷன் வரை போய் அல்வா வாங்கி வந்தேன். தைலம் மறந்துபோச்சு.

12-7, வெள்ளி
சேவியரின் சித்தப்பா மகன் தூத்துக்குடியிலிருந்து பட்டறைக்கு வந்தான். கடல் எப்படி என்று சும்மாதான் கேட்டேன்.
"இந்தக் காத்துல எங்கன அண்ணாச்சி படகு எறங்கும்? வாரம் பூரா கரையிலதான் கெடக்கு. அண்ணன் எங்க கல்யாண வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தாவ."

சேவியரிடம் கேட்டேன். சிரிக்கிறான்.
"கடல்ல போட்டாச்சுன்னுதானலே சொன்னேன்? நம்ம கடல்லதான போட்டோம். நீ வச்ச பேருதான?"

என் வார்த்தையை வைத்தே எனக்கு அல்வா. பெட்டிக்கு உப்பு தெரியும், ஆழம் தெரியும், நனைக்கத் தெரியாது. கருவியின் மூடி கசிகிறதா என்று அது எப்படிச் சொல்லும்? ஆழத்தில் இறக்கி உள்ளே தண்ணீர் போனால் கருவி குப்பை. எங்களை நம்பி எவன் இனி எதைக் கொடுப்பான்?
நாளைக்குக் கப்பல் புறப்படுகிறது. சோறு இறங்கவில்லை.

13-7, சனி
எஸ்.டி.டி. பூத் திறந்ததும் போன். கப்பல் அதிகாரி கிடைத்தார். கருவியைத் தண்ணிக்குள்ள இறக்காதீங்க சார், நிஜக் கடலில் இன்னும் போட்டுப் பார்க்கவே இல்லை என்றேன்.
அவர் சொன்னார்:
"நீங்களே படகுல போய்ப் போட்டுப் பாத்ததா சேவியர் சொன்னாரே. உங்க பேரச் சொன்னதாலதான் கேள்வி கேக்காம வாங்கி வச்சேன்."
கருவியைக் கரையில் இறக்கி வைத்துவிடுவாராம். இனி போன் பண்ண வேண்டாமாம்.

பட்டறைக்கு வந்தேன். சேவியர் டீ வாங்கி வைத்திருந்தான், எனக்குப் பிடித்த மாதிரி சீனி கம்மியாக.
"மூஞ்சி ஏம்லே இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"
சாப்பிட்டாச்சு என்றேன்.