மூன்று நாள் தாமதமாகப் பேசினேன், அக்கா

என் பிரியமுள்ள ராஜி அக்கா,

நீ கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீசில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆலைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற நம் கம்பெனி இன்னும் டெல்லி கன்னாட் பிளேஸில் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ட்ரெய்னி, அசோசியேட், சீனியர், மேனேஜர், பார்ட்னர் என்று அதே ஐந்து படி. மூன்று வருடத்துக்குள் சீனியர் ஆகாத அசோசியேட்டின் கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிற அதே விதி. ஏறு, இல்லையென்றால் வெளியேறு. ஸ்டெனோவுக்கு மட்டும் படியே கிடையாது. நீ பதினோரு வருடம் ஸ்டெனோவாகவே இருந்தாய்.

என்னுடைய மூன்றாவது வருடம் உனக்கு மறந்திருக்காது. அப்பா ரிடையராக ஆறு மாதம்தான் இருந்தது. கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் வேலையை நம்பி வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். பதவி உயர்வுக் கூட்டம் நடந்த மத்தியானம் முழுக்க அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மல்ஹோத்ரா சாரும் மற்ற பார்ட்னர்களும். ஓரத்தில் குறிப்பெடுக்க நீ.

என்ன நடந்தது என்று மல்ஹோத்ரா சாரே பிறகு சொன்னார். சொந்தமாக ஒரு ரிப்போர்ட்கூட எழுதாதவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்களாம். சர்க்கரை ஆலை ரிப்போர்ட்டைப் புகழ்ந்து, அதைத் தன் பெயரில் கொடுத்திருந்த சக அசோசியேட் கபூரைச் சீனியர் ஆக்கலாம் என்றார்களாம். நீ பென்சிலைக் கீழே வைத்திருக்கிறாய். "அதை எழுதியது சேது, சார். நான்தான் டைப் செய்தேன். அவன் கைப்பட எழுதிய தாள்கள் என் அலமாரியில் இருக்கின்றன" என்று சொல்லி, எழுந்துபோய் எடுத்தும் வந்திருக்கிறாய். குறிப்பெடுக்கிறவர் அந்த அறையில் வாய் திறக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா?

நான் சீனியர் ஆனேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உன்மேல் பாய்ந்தேன்.

"ஒன்ன யாருக்கா பேசச் சொன்னா? அக்கா தயவுல ஏறுனவன்னுதான் இனி எல்லாவனும் சொல்லுவான்."

"ஏலே, நான் சும்மா இருந்திருந்தா இந்நேரம் ஒன் கையில லெட்டரக் குடுத்திருப்பாங்க."

"குடுத்திருக்கட்டும்!"

பஸ் வந்தது. நீ ஏறினாய். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

ஒரே வாரத்தில் உன்னைக் கீழ்த்தளத்து டைப்பிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ரகசியக் கூட்டங்களுக்கு உன்னை நம்ப முடியாதாம். அம்மா கேட்டபோது, "கீழ நல்லாக் காத்து வருதும்மா" என்றாய். ஜன்னலே இல்லாத அறை அது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் மாடிக்குப் போனேன். ஒரு நாளாவது உள்ளே வந்து உன் பக்கத்தில் நின்றிருப்பேனா?

இப்போது நான் மேனேஜர். கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. என் கீழே வந்தனா என்று ஒரு அசோசியேட். ஆலையில் மூன்று ஷிப்டும் நின்று குறிப்பெடுத்து வருகிறவள். அவளுக்கு மூன்று வருடம் முடிந்தது. போன வெள்ளிக்கிழமை பதவி உயர்வுக் கூட்டத்தில் ஒரு பார்ட்னர், "கல்யாணம் ஆனால் போய்விடுவாள். இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?" என்றார்.

மல்ஹோத்ரா சார் என்னைப் பார்த்தார். "சேது, ஏதாவது சொல்ல வேண்டுமா?"

அவருடைய ஃபைலில் அடுத்த தாள் என்னுடையது. பார்ட்னர் பதவிக்கு என் பெயர்.

"நோ சார்" என்றேன்.

சனியும் ஞாயிறும் உன் நினைப்பாகவே இருந்தது. திங்கட்கிழமை, வந்தனாவின் கடிதம் கையெழுத்தாவதற்கு முன்பே மல்ஹோத்ரா சார் அறைக்குள் போய்விட்டேன். "வந்தனாவை அனுப்பக் கூடாது, சார். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். என் பார்ட்னர் பதவியை நினைத்துப் பயந்துவிட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "உன் அக்கா அந்த நிமிடமே சொன்னாள். உனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது."

வந்தனா சீனியர் ஆகிவிட்டாள். என் தாள் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது. வலிக்கிறது, அக்கா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இன்று அவள் வந்து, "எனக்காக ஏன் பேசினீர்கள், சார்?" என்று கேட்டாள். "நன்றாக வேலை செய்கிறாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இத்தனை வருடமாக இப்படித்தான் மழுப்புகிறேன். நான் எப்படிச் சீனியர் ஆனேன் என்பது என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

நாளை அவளைக் கூப்பிட்டு எல்லாரும் கேட்க உன் பெயரைச் சொல்லப்போகிறேன். ராஜேஸ்வரி என்று ஒரு ஸ்டெனோ இங்கே இருந்தாள், என் கூடப் பிறந்தவள், அவள் பேசியதால்தான் நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன் என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன், அக்கா. மழுப்பாமல் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் தம்பி,
சேது