மேல் மேய்ச்சலும் சிவப்புத் தொட்டிலும்

செப்டம்பர் 9

தரையில் நின்று ஆடும் அந்தச் சிவப்பு மரத்தொட்டிலை மறுபடி துடைத்து வைத்தேன். மகள் ஸூராவின் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. மகளின் தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுத் தொட்டில்தான் போக வேண்டும். எப்படிப் போகும்? பாலத்தில் எல்லையை இரண்டு நாடும் சேர்ந்து பூட்டி வைத்திருக்கின்றன. அக்கரையில் அவள் வீட்டுப் புகைபோக்கி இங்கிருந்தே தெரிகிறது. தெரியாமலாவது இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 21

தேர்தல்காரர்கள் வந்து போனார்கள். ஒரு கட்சி, ஜெயித்தால் பக்கத்து நாட்டோடு ஒப்பந்தம் போட்டு எல்லையைத் திறப்போம் என்கிறது. அதற்கு விலை, மலையில் எங்கள் ஊருக்கு உள்ள மேல் மேய்ச்சல் நிலம். அது அந்த நாட்டுக்குப் போய்விடும். இன்னொரு கட்சி, ஒரு பிடி மண் தரமாட்டோம், பாலத்தை மதில் எழுப்பியே அடைப்போம் என்கிறது. தெமிர்பெக் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியுமா? அவர் குதிரைகள் கோடை முழுக்க அங்கேதான் மேய்கின்றன.

செப்டம்பர் 30

ஸூரா போனில் பிள்ளையைக் காட்டினாள். பல் முளைத்திருக்கிறது. பாதியில் படம் உறைந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 4

பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. ஒன்றாகப் போனோம், ஒன்றாகத் திரும்பினோம். வழியில் அவர், "யாருக்குப் போட்டன்னு நான் கேக்கமாட்டேன். நீயும் சொல்லாத" என்றார். தெரிந்துதான் சொன்னார்.

இது துரோகமா? — பிள்ளையைத் தூக்கணும் எனக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் தெரியல.

அக்டோபர் 6

எல்லையைத் திறப்போம் என்றவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டேன். கூடத்தில் அவர் இருந்தார்.

பிப்ரவரி 17

தலைநகர் பிஷ்கெக்கில் ஒப்பந்தம் நிறைவேறியது. அவர் சாப்பிடவில்லை.

மே 28

மந்தை மேலே ஏற வேண்டிய நாள். குதிரைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். சேணத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். நான் கேட்டது இதைத்தானா?

ஜூலை 11

இன்று எல்லை திறந்தது.

தொட்டிலைத் தனியாகத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். விசேஷத்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அப்படியே இருவருமாகப் பாலத்தைக் கடந்தோம்.

ஸூரா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பிள்ளை நடந்தே வந்தான். தொட்டிலில் படுக்கவைத்தால் எழுந்து எழுந்து அழுதான். அந்த வயசு தாண்டிவிட்டது. குதிரைகளை எல்லாம் கொடுத்து, இதற்காகவா?

தெமிர்பெக் அவனைத் தூக்கி, தொட்டிலுக்கு மேலே நீளவாக்கில் ஓடும் கட்டையில் இருபுறமும் கால் போட்டு உட்காரவைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கடிவாளமாகக் கையில் கொடுத்தார். அவன் ஆட, தொட்டிலும் ஆடியது.

"கெட்டியாப் பிடிச்சுக்கடா" என்றார். "தாத்தாகிட்ட மிச்சமிருக்கிறது இந்த ஒரு குதிரைதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது பாலத்துக் காவலரிடம், நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று அவர்தான் கேட்டார்.