விராலடிப்பானை நீ எடுக்காத படம்

நேற்று தென்காசிச் சந்தையில் பாய்க்காரர் சாரலில் நனைந்த பாய்க்கட்டைப் பிரித்தார். பச்சைக் கோரை வாசம் முகத்தில் அடித்தது. பாய் வாங்கத்தான் போனேன், வாங்காமலே திரும்பிவிட்டேன். வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக் குளத்தில், கோரையை வளைத்துக் கட்டிய மறைவுக்குள் நீயும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற காலைகள் முழுக்க அந்த வாசம்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் மரக்கடையில் வேலை பார்த்தேன். நீ தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்தாய். கல்யாணப் படத்தைவிடச் சாவு வீட்டுப் படம்தான் உனக்கு அதிகம் வரும். இறந்தவரை நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, ஈரத்துணியால் நீயே முகம் துடைத்துவிட்டு எடுப்பாய். அப்படி ஒரு வீட்டுக்கு என் சைக்கிளில் போகிற வழியில்தான் அந்தப் பறவையைப் பார்த்தோம். கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு கல் மாதிரி விழுந்து, தண்ணீருக்குள் முழுகி, மீனோடு எழுந்தது. "விராலடிப்பாம்லே!" என்று கத்தினாய். சாவு வீட்டுக்குப் பிந்திப் போய் வசவு வாங்கினோம்.

அதன்பின் ஐப்பசி மழையில் குளம் பெருகியதும் அது வரும், நாமும் போவோம். உன் கேமராவில் தூரத்தை இழுக்கும் லென்ஸ் கிடையாது. முதல் வருடப் படங்களில் அது வெறும் புள்ளி. அடுத்த வருடம் தண்ணீர் தெறித்தது மட்டும் விழுந்தது, பறவை இல்லை. பிறகுதான் கோரை மறைவு. மெல்ல நமக்குப் பழகி, பக்கத்துப் பட்டமரத்திலேயே உட்கார்ந்து மீனைக் கிழிக்க ஆரம்பித்தது. அப்படி உட்கார்ந்த ஒரு நாள் மேகமூட்டம். நீ பொத்தானை அழுத்தவில்லை. "நாளைக்கு வெயில் வரட்டும். அது கண்ணு தெரியணும்லே" என்றாய்.

மறுநாள் நல்ல வெயில். கரையில் மீன் குத்தகைக்காரரின் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் காலடியில் அது கிடந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர் உன்னைப் பார்த்ததும் சிரித்தார். "நல்ல நேரத்துல வந்தீய. குளத்து மீனையெல்லாம் தின்னு தீத்துட்டு. நான் றெக்கையை விரிச்சுப் பிடிக்கேன், ஒரு படம் எடுங்க."

நீ குந்தி உட்கார்ந்து, தோள் துண்டை நனைத்து அதன் முகத்துச் சேற்றைத் துடைத்தாய். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். எடுத்துவிடுவாய் என்றுதான் நானும் நினைத்தேன். நீ கேமராவை உறையில் போட்டு மூடினாய்.

வழியில் சைக்கிளின் பின்னாலிருந்து சொன்னாய்: "உயிரோட இருக்கையில ஒருத்தனும் கூப்பிட மாட்டான். செத்த பெறவுதான் போட்டோக்காரன் நெனப்பு வருது. இனி எடுக்க மாட்டேம்லே."

சொன்னபடியே சாவு வீடுகளுக்குப் போவதை விட்டாய். ஸ்டூடியோ நிலைக்கவில்லை. சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களை எடுத்தாய். சீசன் முடிந்தால் இருமிக்கொண்டு வீட்டில் கிடந்தாய். அந்த இருமலே உன்னைக் கொண்டுபோயிற்று.

அன்று உன் அண்ணன் செங்கோட்டையிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்துவிட்டார். நாற்காலியும் வந்தது. உன்னைத் தூக்க வந்தவர்களை மறித்து நின்றேன். "அவனுக்கு இது பிடிக்காது அண்ணாச்சி" என்றேன். "அவன் மூஞ்சி நமக்கு ஞாபகத்துக்கு வேண்டாமாலே?" என்று அவர் அழுதார். எல்லோரும் உன் மனைவியைப் பார்த்தார்கள். மதினி வேண்டாம் என்று தலையசைத்தார்.

உங்கள் கல்யாணப் படமும் சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழிந்துபோனது. வேறு படம் இல்லை.

இப்போது நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மதினி கேட்கிறார்: "அவுக முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது அண்ணாச்சி. கொஞ்சம் சொல்லுங்களேன்." நான் சொல்கிறேன். அகன்ற நெற்றி, இடது புருவத்தில் தழும்பு, சிரிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும் வாய். "ஆமா, ஆமா" என்கிறார். போன முறை தழும்பை வலது புருவத்தில் சொல்லிவிட்டேன். அதற்கும் ஆமா என்றார். இரண்டு கிழங்களும் சேர்ந்து வேறு யாரையோ உருவாக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது.

உன் குரல் மட்டும் எனக்குக் கலையவில்லை. மூச்சுக்கு மேல் எழும்பாமல், கோரை மறைவுக்குள் என் காதோரம் நீ சொன்னது அப்படியே இருக்கிறது:

"அசையாதலே. அது நம்மளத்தான் பாக்குது."