சுனிஷா வடித்த சோறு

தான்சேன்,
கார்த்திக் மாதம் 9

நிராஜனுக்கு,

இங்கே நான், உன் அம்மா, தம்பி உத்சவ், அவன் மனைவி சுனிஷா அனைவரும் நலம். உன் வயிற்றின் நலத்தை மட்டும் தனியே விசாரிக்கிறேன். காரணங்கள் வருமாறு.

1. அசோஜ் மாதம் 25: தசைன் பண்டிகைக்கு நீ வந்து இறங்கிய அன்று, சுனிஷா பருப்பும் சோறும் பரிமாறிய தட்டை நகர்த்திவிட்டு, வயிறு சரியில்லை என்று அவல் கேட்டாய்.
2. அசோஜ் 26: என் கையால் நெற்றியில் டீகா இட்டுக்கொண்டு எழுந்தாய், மறுபடியும் அவல்.
3. கார்த்திக் 7: மெல்பர்னிலிருந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மங்சிர் மாதம் உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வரும்போது சுனிஷாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொன்னாய்.

வயிறு கெட்டவன் காய்ந்த அவலைக் காரமான முள்ளங்கி ஊறுகாயோடு இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றதை நான் அன்றுதான் கண்டேன். மகர் சாதி வீட்டுப் பெண் தொட்ட தண்ணீர் ஆகும், அவல் ஆகும், அவள் வடித்த சோறும் பருப்பும் மட்டும் பிராமணனுக்கு ஆகாது என்ற கணக்கு இந்தத் தெருவில் எல்லோரும் அறிந்தது. அதை வயிற்றுவலியால் மூடிவிடலாம் என்று நினைத்தது உன் படிப்புக்கு அழகு. உன் அம்மா, "புள்ளைக்கு நெசமாவே முடியலடி" என்று சமாளித்தாள். சுனிஷா தட்டை எடுத்துக்கொண்டே, "காஞ்ச அவலைக் கடிச்சு மெல்றாரே அத்தை, இது வயித்து நோவு இல்ல. மூத்தவருக்கு நோவு வேற எங்கியோ இருக்கு" என்றாள். மெல்பர்ன் உணவகங்களில் எவர் வடித்தது என்று கேளாமல் உண்டு, படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவன் நீ. உத்சவின் கல்யாணத்துக்கு, சாதியை ஒழித்த குடும்பம் நம்முடையது என்று இரண்டு பக்கம் வாழ்த்து எழுதியவனும் நீயே. பழைய ஆசாரக்காரனிடம் குறைந்தபட்சம் பொய் இல்லை. அவன் முகத்துக்கு நேரே மறுப்பான்.

அங்கே குளிர் விட்டிருக்கும், ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள். ஆசிகளை நான் நிறுத்திவைக்கவில்லை. நீண்ட ஆயுளோடு இரு.

சுனிஷா எங்கும் போகமாட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் இந்த வீட்டில் உலை வைப்பவள் அவள். சம்பந்திகள் நடுவே முதல் தட்டு உனக்கு. உண்பாயா, மாட்டாயா என்பதைக் கார்த்திக் முடிவதற்குள் உன் கைப்பட எழுதி எனக்கு அனுப்பு. அம்மாவிடம் தொலைபேசியில் அழுவது பதிலாகாது. மாட்டாய் என்றால் விரைந்து எழுது; மணவறையில் தகப்பன் இடத்தில் உட்கார வேறு ஆளைத் தேட உனக்கு நாள் வேண்டும்.

உன் அப்பா,
ஏகநாத் லம்சால்